காரணம்: சைக்கிளில் தூத்துக்குடி

போன வாரம் மருமகள் அட்டாலியில் ஏறிச் சுத்தம் செய்தாள். ஒரு பையிலிருந்து சாம்பல் நிறத்தில் எதையோ இழுத்துத் தூக்கிப் பிடித்தாள்.

"அத்தை, இதக் கரித்துணிக்கு எடுத்துக்கட்டுமுங்களா?"

"வேண்டாங் கண்ணு. அது என் டவுசர்."

என்னைப் பார்த்தாள். டவுசரைப் பார்த்தாள். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. நல்ல பெண். நீங்கள் கேட்பீர்கள் என்பதால் சொல்கிறேன்.

துணியை மூக்கில் வைத்தேன். மெஷின் ஆயில் வாசம் இன்னும் இருக்கிறது. ஃபிளீஸ் துணி, உள்பக்கம் பூனை முதுகு மாதிரி இருக்கும். குளிர்நாட்டு ஆர்டர் எங்களுக்குக் கோடையில்தான் ஓடும். வியர்வை சொட்டச் சொட்ட, யாரோ குளிருக்குப் போடுவதை மடிப்போம்.

பனியன் கம்பெனியில் நான் செக்கிங். ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் பார்த்து, பிசிர் வெட்டி, மடித்துக் கொடுக்கிற வேலை. மடித்தது பெட்டிக்குப் போகும். பெட்டி லாரியில் ஏறும். லாரி தூத்துக்குடிக்குப் போகும். அங்கிருந்து கப்பல். பதினெட்டு வருஷம் லாரியின் பின்பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு, எனக்கு ஐம்பது வயது ஆன சமயம், அந்த ரோட்டில் நானும் போக வேண்டும் என்று தோன்றியது. சைக்கிளில், தனியாக. பஸ்ஸில் போகலாமே என்பீர்கள். பஸ்ஸில் போனால் பஸ் போனதாகும். நான் போனதாகாது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சாமளாபுரத்தில் தறி ஓட்டினார். தறிச் சத்தத்தில் பேசிப் பேசி மெதுவாகப் பேசவே மறந்துவிட்டவர். ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு என் காதருகே வந்து சொன்னார்.

"வெளிய சொல்லீராத புள்ள. சைக்கிள்ல தூத்துக்குடி போறீன்னா ஊரே சிரிக்கும்."

எங்களுடையது வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடு. பன்னிரண்டு வீட்டுக்கும் கேட்டுவிட்டது. மறுநாள் குழாயடியில் குடத்தை வைக்கும் முன்பே பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்.

"ஏனுங்கக்கா, என்ன வேண்டுதலுங்க?"

"வேண்டுதல் ஒண்ணுமில்லீங்க."

"பையன் வேலைக்குங்களா?"

"இல்லீங்க."

"பொறகு?"

"சும்மாங்க."

அந்தச் சொல்லில்தான் முகம் மாறியது. எங்கள் பக்கத்தில் தைப்பூசத்துக்கு யார் வேண்டுமானாலும் பழனிக்கு நடக்கலாம். கால் கொப்புளித்தாலும் ஒருவரும் தடுக்க மாட்டார்கள், மோர் கொடுப்பார்கள். சாமிக்கென்றால் கஷ்டப்படலாம். ஒரு பொம்பளை தனக்கென்று படக்கூடாது.

வீட்டுக்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். "திருச்செந்தூர் முருகனுக்குன்னு சொல்லீரு. தூத்துக்குடிக்குப் பக்கந்தான. ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க."

"முருகன் மேல பொய் சொல்ல மாட்டனுங்க."

நாலு நாள் என்னோடு பேசவில்லை. வீடு அமைதியாக இருந்தது. அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

நான் தயாரானேன். கம்பெனிக்கு ஓட்டிப் போகும் அதே லேடீஸ் சைக்கிள்தான். இரண்டு டயரும் செயினும் மாற்றினேன். பஞ்சர் ஒட்டப் பழகினேன். கட்டிங் மாஸ்டரிடம் கேட்டு ஃபிளீஸ் வேஸ்ட் வாங்கி, மூன்று மடிப்பு வைத்து, சேலைக்குள் போட ஒரு டவுசர் நானே தைத்தேன். பிரியவே கூடாது என்று நாலு நூல் ஓவர்லாக் போட்டேன். பெருமையாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உடுமலைக்குப் போய்வந்து பார்த்தேன். ஆடிக் காற்று. முகத்திலும் அடிக்காமல் முதுகிலும் தள்ளாமல் பக்கவாட்டில் பிடித்துத் தள்ளியது. காற்றாலை எல்லாம் சுகமாகச் சுற்றின, நான் சுகமாக இல்லை. வீடு திரும்பியபோது தொடை இரண்டும் உரிந்திருந்தன. ஓவர்லாக் தையல் உள்ளே மேடாக நிற்கும். ஊரார் பனியனிலெல்லாம் தையல் பார்த்தவள், என் டவுசரில் பார்க்கவில்லை.

மறுநாள் நான் நடப்பதைப் பார்த்தே டைலர் பாப்பாத்திக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"அக்கா, கைக்கொழந்தை துணிக்கே பேட்லாக் போட்டுத் தையலப் படிய வெக்கறம். நீங்க கவுத்துக் கட்டில் மேல ஒக்காந்தாப்பல உடுமலை போயிட்டு வந்திருக்கறீங்க."

சாப்பாட்டு நேரத்தில் பிரித்து, படியப் படியத் தைத்துக் கொடுத்தாள். பேட்லாக் அவள் கைக்கு அப்படி வரும்.

மிச்சம் இருந்தது லீவு. பத்து நாள் வேண்டும். எங்கள் கம்பெனியில் சாவு, சீர், வேண்டுதல் இந்த மூன்றுக்குத்தான் நீண்ட லீவு. நான் ஐந்தாவது வரை படித்தவள். லீவுச் சீட்டை எழுத்துக் கூட்டி நானே எழுதினேன். காரணம் என்ற இடத்தில், சைக்கிளில் தூத்துக்குடி.

சூப்பர்வைசர் தூத்துக்குடிப் பக்கத்துப் பையன். படித்துவிட்டு நிமிர்ந்தான்.

"ஏக்கா, அங்க என்ன இருக்குன்னு போறிய? நாங்களே அத விட்டுட்டுல்லா இங்க வந்து கெடக்கோம்."

"நான் மடிச்சதெல்லாம் அங்கதானே போகுது."

"வேண்டுதல்னு எழுதுங்கக்கா, இப்பமே கையெழுத்துப் போடுதேன். இப்படி எழுதினா மேல ஒத்துக்க மாட்டாவ. ஷிப்மென்ட் நேரம். போனா போனதுதான், திரும்ப எடுக்க மாட்டாவ."

"எழுதுனது எழுதுனதுதான் கண்ணு."

சீட்டை என் பக்கம் தள்ளினான். நான் பிசிர் வெட்டும் கத்தரியை டேபிளில் வைத்தேன். அது கம்பெனியுடையது. பாப்பாத்தி மெஷினை நிறுத்தாமல் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தாள். பீஸுக்கு இவ்வளவு என்றுதான் கூலி, நிறுத்த முடியாது.

திங்கட்கிழமை விடிகாலையில் சேலைமேல் வீட்டுக்காரருடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு சைக்கிளை வெளியே எடுத்தேன். அவர் பின்னாலேயே வந்தார். குனிந்து டயரைக் கட்டைவிரலால் அமுக்கினார்.

"காத்துப் பத்தாது."

பம்பை எடுத்து அடித்தார். பிறகு அவருடைய மெதுவான குரலில், "லாரி வந்தா எறங்கி நின்னுக்க" என்றார். பன்னிரண்டு கதவும் திறந்தன. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் போயிருப்பேன்.

போய்ச் சேர்ந்தேன். நாலு நாள் ஆனது. துறைமுகத்துக்குள் விடவில்லை. வாசலில் நின்று லாரிகள் உள்ளே போவதைப் பார்த்தேன். போதும். திரும்பி வந்தபோது என் டேபிளில் வேறொருத்தி இருந்தாள். அருள்புரத்தில் ஒரு கம்பெனியில் புது ஆளாகச் சேர்ந்தேன். பதினெட்டு வருஷ இடம் போனது. அதற்காக ஒரு நாளும் அழவில்லை.

அந்தப் பழைய கம்பெனி இப்போது கல்யாண மண்டபம். லைன் வீட்டை இடித்துவிட்டார்கள். வீட்டுக்காரரும் இப்போது இல்லை. முதல் நாள் தாராபுரம் ரோட்டில் எனக்கு நிழல் கொடுத்த புளியமரங்களை ரோட்டை அகலப்படுத்த வெட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹெல்மெட் போட்ட ஆட்கள் கூட்டமாகச் சைக்கிளில் போகிறார்கள். எதற்குப் போகிறீர்கள் என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. என்னை ஒரு ஊரே நிறுத்திக் கேட்டது. நானும் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் போனேன்.