முந்திரிப்பழ ஜூஸ் அண்ணிக்குக் காறியது!

போன சனிக்கிழமை ஒரு ஜூஸ் கடையில் நின்றுகொண்டு கை தட்டினேன். பக்கத்து டேபிளில் ரோஸ்மில்க் குடித்துக்கொண்டிருந்த இரண்டு கல்லூரிப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாருக்கோ பிறந்த நாள் என்று நினைத்திருப்பார்கள்.

பிறந்த நாள் எல்லாம் இல்லை. என் நாத்தனார் ஒரு வாய் ஜூஸ் குடித்துவிட்டு, முகத்தைச் சுளித்து, “சகிக்கல” என்று சொன்னார். அவ்வளவுதான்!

ஒருவர் ஆசையாகப் போட்டுக் கொடுத்த ஜூஸை இப்படிச் சொன்னதற்கு, அவர் கண் முன்னாலேயே கை தட்டலாமா? தப்புதான். ஆனால் அந்தக் கடைக்காரரும் என்னோடு சேர்ந்து தட்டினாரே... அதனால் இதை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

மல்லிகா அண்ணி என் கணவரின் அக்கா. ஜெயங்கொண்டம் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகளுக்குப் பரிமாறுவதற்கு முன் சாம்பாரை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு ருசி பார்ப்பார். அவர் சரி என்று தலையாட்டினால்தான் தட்டு போடுவார்கள்.

அதே நாக்கோடுதான் எங்கள் வீட்டுக்கும் வருவார். நான் கல்யாணமாகி வந்த புதிதில், விருந்தாளிகள் எல்லோரும் உட்கார்ந்திருந்த பந்தியில் கேட்டார்: “ஏம்மா வசந்தி, இந்தப் பருப்பு வெந்துச்சா, இல்ல வெந்நீர்ல குளிச்சிட்டு வந்துச்சா?”

பந்தியே சிரித்தது. நான் அடுப்படிக்குள் போய் அழுதேன். அதன் பிறகு இருபத்தாறு வருடம்! ரசத்தில் பெருங்காயம் தூக்கல், தோசையில் உளுந்து கம்மி, காபியில் டிகாக்‌ஷன் தண்ணி... பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியிலேயே பெயர் சொல்லாமல் இரண்டு மூன்று முறை அவரை வாரியிருக்கிறேன். நீங்களும் ரசித்துக் கடிதம் போட்டிருக்கிறீர்கள்.

போன வருடம் அண்ணிக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று தெரிந்தது. திருச்சியில் வைத்தியம். ஆறு வாரம் ‘கரண்ட்’ வைத்தார்கள். கதிர்வீச்சை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அவர் கணவர் இறந்து பல வருடமாகிறது. மகள் கோயம்புத்தூரில், கைக்குழந்தையோடு. நாங்கள் இருக்கும் பெரம்பலூரிலிருந்து திருச்சிக்கு ஒரு மணி நேரம்தானே, அண்ணி எங்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று முடிவானது.

நோய் போய்விட்டது. டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் கூடவே நாக்கின் ருசியும் போய்விட்டது.

“திரும்பி வரும்மா. சிலருக்கு மூணு மாசம், சிலருக்கு ஒரு வருஷம். சிலருக்கு முழுசா வராமலும் போகலாம்” என்றார் டாக்டர். “அதைவிட எனக்கு இவங்க எடைதான் கவலை. இப்படியே குறைஞ்சா மூக்கு வழியா ட்யூப் போட்டுத்தான் சாப்பாடு குடுக்கணும்.”

இட்லியை வாயில் வைத்த அண்ணி, முதல் வாரம் “ஈரத்துணிய மெல்லுற மாதிரி இருக்கு” என்றார். அப்புறம் அதையும் சொல்வதை விட்டுவிட்டார். எதைக் கொடுத்தாலும் இரண்டு வாய். பிறகு தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, “நல்லாருக்கும்மா. போதும்.”

நல்லாருக்கும்மா!

இருபத்தாறு வருடமாக நான் காத்திருந்த வார்த்தை இல்லையா அது? ஒருநாள் காலையில் ஸ்கூலுக்குக் கிளம்பும் அவசரத்தில் உப்புமாவுக்கு உப்பே போடவில்லை. என் கணவர் முதல் வாயிலேயே நிமிர்ந்து பார்த்தார். அண்ணி குனிந்த தலை நிமிராமல் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, “நல்லாருக்கும்மா” என்றார். நான் கொல்லைப்புறம் போய், துணி உலர்த்துவது போல் நின்றுகொண்டேன்.

தை மாதம் ஒருநாள் திருச்சியில் எடை பார்த்துவிட்டு வந்தோம். இன்னும் ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தது. பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அண்ணிக்குக் கால் தள்ளாடியது. எதிரே தெரிந்த கடையில் உட்கார வைத்தேன். சின்ன கடைதான். வாசலில் ஒரு கரும்பலகை. ‘இந்த வாரப் புதுசு: ஊதாப் பால்’ என்று எழுதியிருந்தது.

கடைக்காரர் பெயர் அன்பழகன். ரெட்டிபாளையம் பக்கம் சிமென்ட் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். முதுகு வலி வந்து ஸ்டியரிங்கை விட்டுவிட்டு ஜூஸ் கடை போட்டிருக்கிறார். எல்லோரும் போடுகிற சாத்துக்குடியும் ஆப்பிளும் போட்டால் தன் கடைக்கு எவன் வருவான் என்று வாரத்துக்கு ஒரு புதுசு கண்டுபிடிப்பார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு இந்தப் புதுசுகள் மேல் மரியாதையே கிடையாது. பானிபூரிக்குள் ஐஸ்க்ரீம், தோசைக்குள் சாக்லேட், டீக்குள் ஜவ்வரிசி... நாக்குக்குச் செய்கிறார்களா, செல்போனுக்குச் செய்கிறார்களா? தண்ணீர் மட்டும் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணி கேட்டார்:

“அது என்னா தம்பி, ஊதாப் பாலு?”

“சங்குப்பூவ வெந்நீர்ல ஊற வச்சு, சில்லுனு பால்ல கலக்குறதுங்கக்கா. ஏலக்கா வாசன வரும். ஒண்ணு போடவா?”

வந்தது. கண்ணாடி டம்ளரில் நீலமும் இல்லாமல் ஊதாவும் இல்லாமல் ஒரு நிறம்.

“பேனா மை மாதிரில்ல இருக்கு!” என்றார் அண்ணி. மாதக் கணக்கில் அவர் உதடு அப்படி விரிந்து நான் பார்க்கவில்லை. ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய். டம்ளர் காலியானது!

ஆட்டோவில் வரும்போது மெதுவாகக் கேட்டேன். “ருசி தெரிஞ்சுதா அண்ணி?”

“இல்லம்மா.”

“அப்புறம் எப்படி முழுசாக் குடிச்சீங்க?”

“சாம்பாரு எப்படி இருக்கணும்னு எனக்குத் தெரியும் வசந்தி. வாயில வச்சா, அது இல்ல, இது இல்லன்னு மனசு தேடிக்கிட்டே கெடக்கு. சாப்புட முடியல. இந்த நீலப் பாலு எப்படி இருக்கணும்னு எனக்குத் தெரியாதுல்ல? தேடறதுக்கு ஒண்ணுமில்ல. குடிச்சிட்டேன்.”

நான் தமிழ் டீச்சர். எத்தனையோ கட்டுரைகளைத் திருத்தியிருக்கிறேன். சாப்பாட்டைப் பற்றி இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அன்றிலிருந்து சனிக்கிழமை என்றால் அன்பழகன் கடை. சோளப் பால் ஐஸ், கமர்கட் மில்க்‌ஷேக், பொரி தூவிய ஃபலூடா, கேழ்வரகு சாக்லேட் கூழ்... ஒவ்வொன்றையும் கொடுத்துவிட்டு, துண்டைக் கையில் பிடித்தபடி அண்ணியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார் அவர். அண்ணி கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, “நல்லாருக்கு தம்பி” என்பார். அவர் முகம் அப்படியே மலரும். மற்ற நாட்களில் ஸ்கூல் விட்டு வரும்போது ஃபிளாஸ்க்கில் வாங்கி வந்துவிடுவேன். அடுத்த முறை எடை பார்த்தபோது முள் இறங்கவில்லை. அதற்கடுத்த முறை முக்கால் கிலோ ஏறியிருந்தது. ட்யூப் பேச்சை டாக்டர் எடுக்கவே இல்லை.

இங்கேயே முடிந்திருந்தால் நல்ல கதை. ஆனால் பங்குனி மாதம் அன்பழகன் சின்ன வெங்காயத்தில் அல்வா கிண்டினார்!

“நம்ம செட்டிகுளம் வெங்காயம்க்கா. உலகத்துலயே யாரும் செஞ்சிருக்க மாட்டாங்க” என்று ஆளுக்கு ஒரு கிண்ணம் நீட்டினார். நான் ஒரு ஸ்பூன் வாயில் வைத்தேன். நெய்யும் சர்க்கரையும் முதலில் வந்தன. பின்னாலேயே வந்தது வெங்காயம். ஐயோ... டிஷ்யூ பேப்பரை எடுத்து வாயைத் துடைப்பது போல் மூடிக்கொண்டேன்.

அண்ணி நிதானமாகக் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார். “நல்லாருக்கு தம்பி.”

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. நன்றாக இல்லை என்று நான் சொன்னால், அண்ணிக்கு நாக்கு செத்துக் கிடப்பது கடை முழுக்கத் தெரிந்துவிடுமே! மிச்சத்தை டிஷ்யூவில் சுருட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை போனால் அன்பழகன் முகம் சரியில்லை. பங்குனி உத்திரத்துக்குச் செட்டிகுளம் மலை அடிவாரத்தில் ஸ்டால் போட்டிருக்கிறார். ஒரு பெரிய தட்டு நிறைய வெங்காய அல்வா. வாயில் வைத்தவர்கள் அங்கேயே துப்பியிருக்கிறார்கள். ஒருத்தர் வீடியோ எடுத்துப் போட்டிருக்கிறார். தட்டு அப்படியே திரும்பி வந்துவிட்டது.

“நீங்க நல்லாருக்குன்னீங்க, டீச்சரும் ஒண்ணும் சொல்லலையேன்னுதான் தைரியமா போட்டேன்” என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. அண்ணி புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“தம்பி, எனக்கு நாக்குல ருசியே கெடையாது. தொண்டையில கட்டி வந்து கரண்ட் வச்சாங்க. அதுல போயிட்டு. உப்பும் தெரியாது, சக்கரையும் தெரியாது. இத்தன வாரமா நல்லாருக்குன்னது அத்தனையும் பொய்யி.”

அன்பழகன் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியை நிறுத்தினார். “ஏங்கக்கா அப்படிச் சொன்னீங்க?”

“நீ ஆசையா மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கிறியே... வேற என்னாத்த சொல்றது?”

அவர் என் பக்கம் திரும்பினார். “டீச்சர், உங்களுக்கு நாக்கு நல்லாத்தான இருக்கு?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பசங்களிடம் நான் கேட்கிற மாதிரியே கேட்டார்.

பிறகு அவரே சொன்னார்: “எனக்கே சந்தேகமாத்தாங்கக்கா இருந்துச்சு. ரெண்டு தடவ வாயில வச்சுப் பாத்தேன். நீங்க சொன்னதும் சரி, நம்ம நாக்குலதான் கோளாறுன்னு விட்டுட்டேன்.” அப்புறம் தயங்கி, “இனிமே வர மாட்டீங்களா?” என்றார்.

“வருவேன்” என்றார் அண்ணி. “நல்லாருக்குன்னு மட்டும் சொல்ல மாட்டேன்.”

சொன்னபடியே போனோம். அண்ணி குடிப்பார், எழுந்திருப்பார், “வரேன் தம்பி” என்பார். கருத்து எதுவும் கிடையாது. நான் என் நாக்குக்குத் தெரிந்ததை உள்ளபடி சொல்லிவிடுவேன். அன்பழகன் இப்போது என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்சம் பயத்தோடு!

போன சனிக்கிழமை பலகையில் ‘முந்திரிப்பழ ஜூஸ்’ என்று எழுதியிருந்தது. இது சீசன். ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக் காடுகளில் மரத்தடி எல்லாம் மஞ்சளும் சிவப்புமாய்ப் பழம் விழுந்து கிடக்கும். கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை விட்டுவிடுவார்கள். அப்படி வீணாகிற பழத்தை இரண்டு கூடை வாங்கி வந்திருந்தார்.

அண்ணி ஒரு வாய் குடித்தார். டம்ளர் பாதி வழியில் நின்றது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். தொண்டை எரிகிறதோ என்று நான் பதறி எழுந்துவிட்டேன்.

“சகிக்கல” என்றார் அண்ணி.

“என்னண்ணி? என்ன பண்ணுது?”

“காறுது வசந்தி. நாக்குல, தொண்டையிலெல்லாம் சொரசொரன்னு புடிக்குது. ஏன் தம்பி, பழத்த உப்புத் தண்ணியில ஊற வச்சியா?”

“இல்லீங்கக்கா. கழுவிட்டு நேரா புழிஞ்சிட்டேன்.”

“அதான! ஊற வைக்காம புழிஞ்சா காறாம என்னா செய்யும்? எங்க ஊர்ல சின்னப் புள்ளைக்குக்கூட இது தெரியும்.”

அப்போதுதான் கை தட்டினேன். அன்பழகனும் தட்டினார். தட்டிக்கொண்டே துண்டால் முகத்தைத் துடைத்தார்.

சந்தோஷத்தில் நான் ஒரு கேள்வி கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. “இனிப்பு எப்படி இருக்கு அண்ணி?”

“இனிப்பா? சக்கரையே போடலையே.”

நான் என் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தேன். நல்ல தித்திப்பு. அன்பழகன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அண்ணி எங்கள் இருவரையும் பார்த்தார்.

“போட்டிருக்கு... அப்படித்தான?”

“ஆமாங்கக்கா” என்றார் அன்பழகன். இந்த முறை யாரும் பொய் சொல்லவில்லை.

அண்ணி டம்ளரின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, “சரி. காறலு வந்துட்டு. மத்தது மெதுவா வரட்டும்” என்றார்.

திங்கட்கிழமை டாக்டரிடம் சொன்னோம். நல்ல அறிகுறி என்றார். அதோடு நிறுத்தவில்லை. ஆறாத தொண்டைக்குக் காறுகிற ஜூஸை யார் கொடுத்தது என்று எனக்கு ஐந்து நிமிடம் திட்டு. வாங்கிக்கொண்டேன். பக்கத்தில் அண்ணி பரம சாதுவாய் உட்கார்ந்திருந்தார்.

யோசித்துப் பார்க்கிறேன். குறை சொல்கிறவர்களை நமக்குப் பிடிப்பதில்லை. ஆனால் குறை சொல்ல ஒருவருக்கு எவ்வளவு தெம்பு வேண்டியிருக்கிறது! நாக்கு வேலை செய்ய வேண்டும், மனசு ஒன்ற வேண்டும், நாளைக்கு இது இன்னும் நன்றாக வரும் என்கிற நம்பிக்கை வேண்டும். எதுவும் இல்லாதபோது மிச்சமிருப்பது ‘நல்லாருக்கு’ ஒன்றுதான்.

“இதையெல்லாம் பத்தியில எழுதட்டுமா அண்ணி?” என்று கேட்டேன். “எழுது. இந்தத் தடவையாச்சும் பேரப் போட்டு எழுது” என்றார். எல்லாவற்றையும் படித்திருக்கிறார்!

நேற்று சாயங்காலம் ஸ்கூலிலிருந்து வந்தால் வீடு பூட்டியிருந்தது. ஏழு மாதமாகத் துணையில்லாமல் தெருமுனை வரைக்கும் போகாதவர். உடனே போன் போட்டேன்.

“எங்கண்ணி இருக்கீங்க?”

“தம்பி கடையில. டவுன் பஸ் ஏறி வந்துட்டேன். சாவி பக்கத்து வூட்ல இருக்கு பாரு. இன்னிக்கு நுங்குப் பாயசம்னு ஒண்ணு போட்டிருக்காரு. உனக்கு ஒண்ணு பார்சல் வாங்கவா?”

“எப்படியிருக்கு அண்ணி?”

“நல்லால்ல.”

“அப்ப ரெண்டா வாங்கிட்டு வாங்க!”