தொட்டிக்காரரின் நுரையீரல்

என் அத்தானை, அதாவது அக்கா வீட்டுக்காரரை, எங்கள் தெருவில் எல்லோரும் தொட்டிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். மாடி மாடியாக ஏறித் தண்ணீர்த் தொட்டிகளுக்குள் இறங்கி, சேறு வாரி, தேய்த்துக் கழுவுவது தொழில். சிகரெட்டைத் தொட்டறியாத மனிதர். அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது.

வாங்கினால் வாய் திறந்து சொல்ல வேண்டாமா? மாட்டார். இரண்டு மாடி ஏறியதும் நின்று, சுவரோரக் குழாயைத் தட்டிப் பார்த்து, "இங்க கசியுது போல" என்பார். மூச்சு திரும்பியதும் மேலே ஏறுவார். கசியாத குழாய்களுக்கெல்லாம் கெட்ட பெயர். எனக்கு எரிச்சலாக வரும்.

அக்கா பிடுங்கியெடுத்ததில் டாக்டர்களிடம் போனார். ஒருவர் ஆஸ்துமா என்றார். இன்னொருவர், சளியில் கிருமியே இல்லாதபோதும், காசநோய்க்கு மருந்து கொடுத்தார். அத்தான் சமர்த்தாக விழுங்கினார். மூச்சு இன்னும் மோசமானது.

அதற்கப்புறம் பார்த்த நுரையீரல் டாக்டரம்மா, அத்தானின் விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கருவியை மாட்டி, ஆஸ்பத்திரி வராந்தாவில் நடக்கச் சொன்னார். பாதி வழியில் அத்தான் நின்றார். சுவரில் ஒரு குழாய் போனது.

"இங்க கசியுது போல, டாக்டர்."

டாக்டரம்மா குழாயைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்தார். "ஆக்சிஜன் எண்பத்திரண்டு. குழாய் நல்லாத்தான் இருக்கு. நீங்க உட்காருங்க."

ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரலிலிருந்து கொஞ்சம் நீர் எடுத்தபோது பால் மாதிரி வந்தது. மிச்சத்தை ரத்தப் பரிசோதனை சொன்னது. காற்றறைகளில் சேரும் பசையை அப்புறப்படுத்த உள்ளேயே சில செல்கள் உண்டாம். அவற்றை வேலை செய்யவிடாமல் அவர் உடம்பே முடக்கிப் போட்டிருந்தது. லட்சத்தில் ஒருவருக்குக்கூட வராத நோய்.

"இதுக்கு என்ன மருந்து?" என்றாள் அக்கா.

"உள்ள கழுவணும். உப்புத் தண்ணி விட்டு."

அத்தான் முதல் தடவையாக ஒரு டாக்டரை மரியாதையோடு பார்த்தார்.

மயக்கம் கொடுத்து, ஒரு நுரையீரலை மெஷினில் மூச்சுவிட வைத்து, மற்றதில் உப்புநீரை நிரப்பி, நெஞ்சைத் தட்டித் தட்டி வடித்தார்கள். சில நாள் கழித்து மறுபக்கம். விழித்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: "கடைசித் தண்ணி தெளிவா வந்துச்சா?"

"வந்துச்சு. திரும்பவும் சேரலாம். சேர்ந்தா திரும்பக் கழுவலாம்" என்றார் டாக்டரம்மா. அது அவருக்குப் புதுச் செய்தி இல்லை.

வீட்டுக்கு வந்த அன்றே தன் ஏணியைத் தேடினார். அக்கா அதைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டிருந்தாள்.

வந்ததே கோபம்! "யாரக் கேட்டுப் போட்ட? நான் இனிமே பறந்தா போய்த் தொட்டியில இறங்குவேன்? மூளைய அடகு வச்சிட்டியா?" திணறாமல், இருமாமல், ஒரே மூச்சில் பொரிந்து தள்ளினார். நான் குறுக்கே போனேன். அக்கா கையைக் காட்டித் தடுத்தாள். அழுதுகொண்டிருந்தாள்.

"இப்ப எதுக்கு அழற?" என்றார் அத்தான்.

"நீங்க திரும்பி வரமாட்டீங்கன்னு நெனச்சுதான் போட்டேன்" என்றாள். "நிறுத்தாதீங்க. இன்னும் கொஞ்சம் திட்டுங்க."