தொட்டி இடம் மாறிய காலை

ஆபீசில் அவரை எல்லோரும் அரைமில்லி என்றுதான் கூப்பிடுவார்கள். சுவர்க் கோடு அரை மில்லிமீட்டர் விலகியிருந்தாலும் கட்டட வரைபடத்தை வெளியே விடமாட்டார். "அரை மில்லியை செங்கல்ல யாருண்ணே பாக்கப் போறா?" என்று இளசுகள் சீண்டினால், "செங்கல் வைக்கிறவன் எப்படியும் வைக்கட்டும். கோடு போடுறவன் நான்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொள்வார். படிப்பு பத்தாவதோடு நின்றுபோனது. பதினேழு வயதில் பென்சில் சீவிக் கொடுக்க நுழைந்தவர், முப்பத்து நாலு வருஷத்தில் பலகைப் படத்திலிருந்து கம்ப்யூட்டர் படத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். பட்டம் வாங்கியவன் பத்துத் தப்பு செய்யலாம், வாங்காதவன் ஒன்றுகூடச் செய்யக்கூடாது. அதுதான் அவர் தனக்குப் போட்டுக்கொண்ட சட்டம்.

நாலு மாசமாக வீட்டிலிருந்து வேலை. மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை உடைத்துக்கொண்டாள். பிள்ளை இல்லாத வீடு, பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது. ஆபீசை நடத்தும் பெரிய இன்ஜினியரம்மா, ஆபீசில் எல்லோருக்கும் பெரியம்மா, லேசில் மசியவில்லை. "உங்களை நம்பி விடுறேன். ஒரு படம் பிசகினாலும் மறுநாளே இங்க வந்து உக்காரணும், வேற பேச்சே கிடையாது" என்றுதான் அனுப்பினார். கட்டிலில் கிடப்பவளை யார் தூக்கி உட்கார வைப்பது என்ற பயம் அன்றைக்கே அவரைப் பிடித்துக்கொண்டது.

சாப்பாட்டு மேசைதான் ஆபீஸ். ஆடுகிற ஒரு காலுக்கு அட்டை மடித்துக் கொடுத்திருந்தார். பக்கத்திலேயே மனைவியின் கட்டில். வீட்டுக் கம்ப்யூட்டரை ஆபீஸ் சர்வரோடு கட்டிவைக்கிற இணைப்பை எல்லோரும் லைன் என்பார்கள். அவர் போடுவது, கான்கிரீட்டுக்குள் எந்தக் கம்பி எங்கே வரும் என்று காட்டும் கம்பிப் படம். அதற்கு அடியில், கண்ணாடிக்குக் கீழே வைத்த தாள் மாதிரி, கட்டடத்தின் அடிப்படம் தெரியும். அது அவர் சொத்தில்லை, சர்வரில் இருப்பது. ஆபீசில் யாராவது ஒரு சுவரை நகர்த்தினால் இவர் திரையிலும் சுவர் நகரும்.

படத்தைத் திறந்தவுடன் நாலு வரி இங்கிலீஷில் ஒரு பெட்டி குதித்து வரும். அதை ஒருவரும் படிப்பதில்லை. 'மூடு' என்பதை அமுக்கிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அரை மில்லியை விடாத மனுஷரும் அந்தப் பெட்டியை மட்டும் ஒரு நாளும் படித்ததில்லை.

அன்றைக்குக் காலை ஒன்பதே கால். ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு மொட்டைமாடித் தளம் போடுகிற நாள். மாடி விளிம்பின் அளவு ஒன்றை சைட் சூப்பர்வைசர் கேட்டிருந்தார். பார்த்துச் சொல்வதற்காகப் படத்தைத் திறந்தார். லைன் அன்றைக்கு அதிசயமாக நன்றாக இருந்தது.

தண்ணீர்த் தொட்டி தெருப்பக்க மூலையில் நின்றது.

அவர் இரட்டைக் கம்பி போட்டது படிக்கட்டுப் பக்க மூலையில். தொட்டிக்கு அடியில் கம்பியை இரட்டிப்பாக்கு என்று பெரியம்மா குறித்துக் கொடுத்ததும், அவர் போட்டதும், அச்செடுத்து அனுப்பியதை அம்மா சரிபார்த்ததும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அந்த அச்சில் தொட்டியும் படிக்கட்டு மூலையில்தான் இருந்தது.

லைனைத் துண்டித்துவிட்டு மறுபடி திறந்தார். தொட்டி படிக்கட்டு மூலைக்கு வந்துவிட்டது. லைனை மாட்டித் திறந்தார். தெருப்பக்கம் போய்விட்டது. பேய் பிடித்த தொட்டி மாதிரி இங்கும் அங்கும் தாவியது. மூன்றாம் தடவை மறுபடி லைனைத் துண்டித்துத் திறந்தார். அப்போதுதான் முதல் முறையாக அந்தப் பெட்டியை எழுத்துக் கூட்டிப் படித்தார். சர்வரில் கோப்பு கிடைக்கவில்லை, இந்தக் கம்ப்யூட்டரில் அதே பெயரில் இருந்ததை எடுத்துக்கொண்டேன் என்றது.

மழை வாரத்தில் லைன் வந்து வந்து போனபோது சர்வரிலிருந்ததை அப்படியே நகலெடுத்து வைத்தது நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு ஆபீசில் யாரோ தொட்டியை நகர்த்தியிருக்கிறார்கள். லைன் விட்டுப்போகும் போதெல்லாம் அந்தப் பழைய அடிப்படம் சத்தமில்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக்காரன் இல்லாத நேரம் பார்த்து, அதே பெயர் சொல்லிக்கொண்டு எவனோ கதவைத் திறந்த கதை.

"என்னங்க, மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு?" என்றாள் மனைவி கட்டிலிலிருந்து.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா வேர்க்குது? ஃபேன் உங்க தலைக்கு மேலதான சுத்துது."

சொன்னார். தெருப்பக்க மூலைக்கு நேர் கீழேதான் நோயாளிகள் காத்திருக்கிற கூடம் என்பதையும் சொன்னார்.

"கான்கிரீட் போட்டுட்டா கம்பி வெளிய தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப யாருக்கும் தெரியாது."

"தொட்டியில தண்ணி நிரம்புற வரைக்கும் தெரியாது."

ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அவர் பேசாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தார். ஒருவேளை தாங்கும். சிமெண்ட்டில் கொஞ்சம், கம்பியில் கொஞ்சம் என்று எல்லாவற்றிலும் கூட்டித்தான் போடுகிறார்கள். தாங்கினாலும் தாங்கலாம். அவர் சட்டத்தில் அந்த 'லாம்' கிடையாது.

"நான் வேணா சுவத்தப் புடிச்சுக்கிட்டு நடந்துக்குவேன்" என்றாள் அவள். "நீங்க போனை எடுங்க."

பெரியம்மா போனை எடுக்கவில்லை. இரண்டாம் தடவையும் இல்லை. சூப்பர்வைசர் எடுத்தார். பின்னால் கான்கிரீட் பம்ப் இரைந்தது.

"சொல்லுங்கண்ணே, அளவு கிடைச்சுதா?"

"தம்பி, கான்கிரீட்டை நிறுத்து."

"என்னது? காது கேக்கல."

"நிறுத்துய்யா!"

"ரெண்டு லாரி கொட்டியாச்சு, மூணாவது வாசல்ல நிக்குது. சும்மா நிறுத்துன்னா எப்படிண்ணே? மேடம் சொல்லட்டும். தப்பா நினைக்காதீங்க, நீங்க படம் போடுறவர்தான?"

அதுதான் உண்மை. முப்பத்து நாலு வருஷத்தில் ஒரு சட்டி மணலை நிறுத்தக்கூட அவருக்கு அதிகாரம் கிடையாது.

"எந்தப் பக்கத்துலேருந்து போடுற?"

"படிக்கட்டுப் பக்கம். மத்தியானத்துக்குள்ள தெருப்பக்கம் வந்துருவோம்."

போனை வைத்தார். ஆஸ்பத்திரி வேலைக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. பெரியம்மா, கட்டட முதலாளி, சூப்பர்வைசர், ஆபீஸ் ஆட்கள் எல்லோரும் அதில். அங்கே அவர் இதுவரை எழுதியதெல்லாம் 'படம் அனுப்பியாச்சு' என்பது மட்டும்தான். ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினார்.

'தெருப்பக்கம் கான்கிரீட் போட வேண்டாம். தொட்டிக்கு அடியில் இரட்டைக் கம்பி இல்லை. படம் தப்பு. தப்பு என்னுடையது.'

கடைசி இரண்டு வார்த்தையை ஒருமுறை அழித்தார். பிறகு திரும்பவும் எழுதி அனுப்பினார். ஒவ்வொருவராகப் பார்த்தது தெரிந்தது. எழுந்து அடுக்களைக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார்.

திரும்பி வந்தபோது போன் அடித்துக்கொண்டிருந்தது. பெரியம்மா.

"பம்பை நிறுத்தியாச்சு. இப்ப தெருப்பக்கம் என்ன இருக்கு?"

"ஒத்தைக் கம்பி, மேடம்."

"இரட்டையாக்கி பத்து நிமிஷத்துல படம் அனுப்புங்க."

"படம் வேண்டாம் மேடம். லைன் எப்ப வரும் எப்ப போகும்னு சொல்ல முடியாது. இப்ப சர்வர் படம் கண்ணு முன்னால இருக்கு. வாயால சொல்றேன், அவன் குறிச்சுக்கட்டும்."

மூன்று பேரும் ஒரே போனில். கைப்பிடிச் சுவரிலிருந்து எத்தனை, எந்தத் தூணிலிருந்து எத்தனை என்று அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். சூப்பர்வைசர், கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகையில் சாக்பீஸால் எழுதி, திருப்பிப் படித்தார். ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தடவை கேட்டு வாங்கினார் அரைமில்லி. கம்பி கட்டுகிறவர்கள் கட்டி முடித்து, சூப்பர்வைசர் போட்டோ அனுப்பி, பெரியம்மா சரி சொல்ல மணி மூன்று ஆயிற்று. அதன் பிறகுதான் பம்ப் ஓடியது.

"நாளைக்கு ஆபீசுக்கு வாங்க. கம்ப்யூட்டரையும் எடுத்துட்டு வாங்க" என்றார் பெரியம்மா. குரலில் சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை.

மறுநாள் மனைவியின் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர், மாத்திரை, போன் எல்லாம் வைத்துவிட்டு, தூக்குக்குப் போகிறவர் மாதிரி பஸ் ஏறினார். பெரியம்மா கதவைச் சாத்திவிட்டு, "செஞ்சு காட்டுங்க" என்றார். அரைமில்லி லைனைத் துண்டித்தார், மாட்டினார். தொட்டி தாவியது. அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பழைய நகல் உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

"மழை வாரத்துல லைன் நிக்க மாட்டேங்குதுன்னு எல்லாரையும் வீட்டுல நகலெடுத்து வச்சுக்கச் சொன்னீங்க, மேடம்."

"யாரு சொன்னது?"

"நீங்கதான், மேடம்."

அம்மா நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். நேற்று அரைமில்லி முகத்தில் இருந்த வெளுப்பு இப்போது அம்மா முகத்துக்கு வந்தது. வீட்டிலிருந்து வேலை செய்கிற மற்ற ஆறு பேருக்கும் ஒவ்வொருவராகப் போன் போட்டார். நாலு பேரிடம் அதே மாதிரிப் பழைய நகல் இருந்தது. நாலு பேரும் அந்தப் பெட்டியை மூடிவிட்டுத்தான் வேலை செய்திருந்தார்கள்.

வேலை போனது என்றே அவர் எழுந்து நின்றார். அம்மா ஒரு பட்டியலை நீட்டினார்.

"மழைக்கு அப்புறம் வெளிய போன படம் இது எல்லாம். நாப்பத்து மூணு. உங்க வீட்டு மேசையிலேயே வச்சு ஒவ்வொண்ணாப் பாருங்க. அடிப்படம் எங்கேருந்து வருதுன்னு வாய்விட்டுப் படிங்க. அரை மில்லி விடாதீங்க."

அம்மா அந்தப் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று மத்தியானமே வீட்டு மேசையில் உட்கார்ந்தார். முதல் படம். பெட்டி குதித்தது. வாய்விட்டுப் படித்தார். லைனைத் துண்டித்தார், மாட்டினார். எதுவும் அசையவில்லை. மூச்சு விட்டார். இரண்டாவதும் அசையவில்லை.

"அடுத்தது என்ன கட்டடம்?" என்றாள் மனைவி, கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி.

"வீடு. மேல புதுசா ஒரு மாடி."

"கட்டிக்கிட்டு இருக்காங்களா?"

"கட்டி முடிச்சாச்சு. ஆள் குடிவந்தாச்சு."

அவர் வேட்டியில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு மூன்றாவதைத் திறந்தார்.