ஊ டின் போட்ட கடைசிப் பந்து

வலை இல்லாத இரும்பு ரிங்கில் பந்து பட்டால் 'டணங்' என்று ஒரு சத்தம் வரும், அடுப்படியில் யாரோ வெண்கலப் பானையைக் கைநழுவ விட்டது போல. பட்டுத் திரும்பினால் ஒரு சத்தம், விளிம்பில் உரசி உள்ளே விழுந்தால் வேறொரு சத்தம், எதிலும் படாமல் நேராக விழுந்தால் சத்தமே கிடையாது. அந்தச் சத்தமில்லாத பந்துக்குத்தான் நாங்கள் அத்தனை பேரும் எழுந்து நின்று கத்துவோம். நாங்கள் என்றால் மற்றவர்கள். நான் கத்த மாட்டேன். என் ஆயுசில் ஒரே ஒரு தடவைதான் கத்தினேன், அதைச் சொல்லத்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பர்மாவில், மிங்கலா தாங்ஞுன்ட்டில் ரயில் பாதையை ஒட்டின லைன் வீடுகளில் எங்களுடையது கடைசி வீடு. அப்பா ரயில் யார்டில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். வீடுகளுக்குப் பின்னால் கூரை போய்விட்ட பழைய கோடவுன் ஒன்றின் சிமெண்டுத் தரை மட்டும் மிச்சமிருந்தது. அதன் இரண்டு பக்கமும் தேய்ந்த தண்டவாளத் துண்டுகளை நட்டு, பலகை அடித்து, ரிங் மாட்டி யார்டு ஆட்கள் பாஸ்கட்பால் ஆடினார்கள். ரயில் போகிறபோதெல்லாம் அந்த ரிங் நடுங்கும். எங்கள் ஆட்களுக்கு அது தெரியும். எதிராளி தப்பாக ஆடியதற்குப் பவுல் பந்து போட நின்றால் ரயில் போய் முடிகிற வரைக்கும் பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சும்மா நிற்பார்கள். வெளியிலிருந்து வருகிறவர்கள் அவசரப்பட்டுப் போட்டுவிட்டு 'டணங்' வாங்குவார்கள்.

நாலாவதோடு என் படிப்பு நின்றுபோனது. வீட்டு வேலை முடிந்த சனிக்கிழமை சாயங்காலங்களில் மைதானத்து ஓரம் அடுக்கியிருந்த ஸ்லீப்பர் கட்டைகளின் மேல், எப்போதும் அதே இடத்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். லைன் வீட்டுக்காரர்கள் எனக்கு 'ஊமைச்சி' என்று பேர் வைத்திருந்தார்கள். "இவளை யாராச்சும் தூக்கிக்கிட்டுப் போனாக்கூட எங்க கூட்டிட்டுப் போறேன்னு கேக்க மாட்டா" என்று அம்மா வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லுவாள். ஆனால் வாய்க்குள்ளே எனக்கு அபிப்பிராயம் நிறைய இருந்தது. இந்த பாஸ்கட்பாலைப் பற்றி அந்த லைனிலே எந்த ஆம்பளையை விடவும் எனக்கு அதிகம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அப்போது மூன்று மாதிரி டீம்கள் வரும். ஆட்டத்துக்கென்றே வேலை கொடுத்து வைத்திருந்த ஆபீஸ் டீம்கள் ஒன்று. அவர்கள் பந்தைத் தட்டுவது தச்சன் ஆணி அடிப்பது போல, ஒன்றுகூடக் கோணாது. ஆனால் ஜெயித்தாலும் தோற்றாலும் முகம் ஒரே மாதிரி இருக்கும், அதனாலேயே எனக்கு அவர்களைப் பிடிக்காது. அடுத்தது காலேஜ் பையன்கள். வெள்ளை ஷூ, படிய வாரின தலை, பார்க்க அழகான ஆட்டம்தான், ஆனால் பந்து உள்ளே விழுந்ததா என்று பார்க்கிறதற்கு முன்னால் பெண்கள் உட்கார்ந்திருக்கும் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். ஒன்று மட்டும் சொல்லுவேன், தோற்றால் அழுவார்கள். அழுகிற ஆட்டக்காரனை நான் நம்புவேன். மூன்றாவது எங்கள் யார்டு டீம். பகலெல்லாம் வேகன் மாட்டிவிட்டு, கரி அள்ளிவிட்டு, கைகழுவிக்கொண்டு வந்து ஆடுகிறவர்கள்.

யார்டு டீமுக்கு கேப்டன் ஊ டின். சரக்கு ஷெட்டில் ஹெட் கிளார்க், ஐம்பது தாண்டினவர், வயிறு கொஞ்சம் முன்னால் வந்திருக்கும். டீமில் பாதிப்பேருக்கு அவர்தான் வேலை வாங்கிக் கொடுத்தவர். அம்மாவின் தம்பி வீரையா மாமா, அந்த டீமில் இருந்த ஒரே தமிழ் ஆள், காலை ஒடித்துக்கொண்டு படுத்திருந்தபோது வாரம் தவறாமல் அரிசியும் எண்ணெயும் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனவரும் ஊ டின்தான். எல்லாரும் அவரை 'ஸயா' என்றுதான் கூப்பிடுவார்கள், வாத்தியாரைக் கூப்பிடுவது போல. ஆட்டம் தொடங்கும் முன்னால் அவர் தன் வெள்ளை மேல்சட்டையைக் கழற்றி மடித்து என் மடியில் வைப்பார். "இந்த மைதானத்திலே அசையாத ஆள் நீ ஒருத்திதான், தமீ" என்பார். தமீ என்றால் பர்மிய மொழியில் மகள். பாதி ஆட்டத்தில் வந்து அதே சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்ன தமீ, எங்கள் ஆட்டம் எப்படி?" என்று கேட்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

மழைக்காலம் முடிந்து விளக்குத் திருநாள் வந்த மறு வாரம் வருஷா வருஷம் காலேஜோடு ஒரு ஆட்டம் உண்டு. தோற்கிற டீம் ஜெயித்த டீமுக்கு மீன் குழம்பு ஊற்றின மொஹிங்காச் சேமியா வாங்கிக் கொடுத்து, தன் கையாலேயே கிண்ணத்தை நீட்ட வேண்டும். ஊ டின் ஒரு வருஷம்கூடக் காலேஜை ஜெயித்ததில்லை. நான் சொல்லும் அந்த வருஷம் அவருக்கு ரிட்டயர் ஆகிற வருஷம். ஊரோடு போய்விடப் போகிறார். இந்த ஒன்றையாவது ஸயா ஜெயித்துவிட்டுப் போக வேண்டும் என்று லைன் முழுக்க அதே பேச்சு.

ஆட்டம் தொடங்கியது. எப்போதும் நடக்கிறதேதான் அன்றைக்கும் நடந்தது. பந்து யார் கைக்குப் போனாலும் கடைசியில் ஊ டின் கைக்கே வந்து சேர்ந்தது. பர்மியர்கள் 'ஆனாடே' என்று ஒன்று சொல்லுவார்கள். வெட்கமும் இல்லை, பயமும் இல்லை. பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கும்போது நாம் கையை நீட்டினால் அவர் மனசு என்ன பாடுபடுமோ என்று நம் மனசு படுகிற பாடு. ஸயா நிற்கும்போது தான் எப்படி ரிங்குக்குப் போடுவது என்று அத்தனை பேருக்கும் ஆனாடே. எங்கள் மாமாவுக்கு அந்த நோய் பர்மியரை விட அதிகம். டீமில் கோ மௌங் என்று ஒரு இளவட்டம், எஞ்சினில் கரி போடுகிறவன், மூலையில் நின்று போட்டால் பத்துக்கு எட்டு விழும்; அவன்கூடப் பந்து வந்த வேகத்தில் ஸயாவுக்கே திருப்பிவிடுவான். காலேஜ் பையன்களுக்கு இது மனப்பாடம். மூன்று பேர் ஊ டினைச் சுற்றி வேலி மாதிரி நின்றுகொண்டார்கள். ஸயா மூச்சு வாங்கி மூச்சு வாங்கிப் போட்டதெல்லாம் 'டணங்', 'டணங்'. பாதி ஆட்டத்தில் பத்துப் பாயிண்ட் பின்னால்.

சட்டைக்காக அவர் என்னிடம் வந்தார். டீம் முழுக்க அவர் பின்னால் வந்து நின்றது. காதுப்பக்கம் வேர்வை ஓட, உதடு வெளுத்துப்போய் இருந்தது.

"என்ன தமீ, எங்கள் ஆட்டம் எப்படி?"

சிரிக்காமல் கேட்டார். அதனால்தானோ என்னவோ எனக்கு வாய் வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த பர்மிய மொழியில், தரையைப் பார்த்துக்கொண்டே, "எல்லாரும் உங்களுக்கே போடுறாங்க, ஸயா. அது காலேஜுக்கும் தெரியும். மூணு பேர் உங்களைச் சுத்தி நிக்கிறாங்க. மூலையிலே கோ மௌங் பக்கத்திலே ஒரு ஆளும் இல்லே" என்றேன்.

"அடிப் பாவி, வாயைத் தொறந்ததும் தொறந்தே, இதைச் சொல்லவா!" என்று அம்மா பின்னாலிருந்து என் முதுகில் ஒன்று வைத்தாள்.

ஊ டின் சட்டையை என் மடியிலிருந்து எடுத்தார். போட்டுக்கொண்டு வீட்டுக்கே போய்விடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தைத் துடைத்தார், பொறுமையாக மடித்தார், திரும்ப மடியில் வைத்தார். டீமைப் பார்த்தார். அத்தனை பேரும் சிமெண்டுத் தரையில் என்னவோ தொலைந்த மாதிரி தேடிக்கொண்டிருந்தார்கள்.

"இத்தனை வருஷமாக ஒருத்தன்கூட இதை ஏன் சொல்லவில்லை?"

"சொல்ல ஆனாடே, ஸயா" என்றான் கோ மௌங்.

"தோற்க மட்டும் ஆனாடே இல்லையோ?"

மாமாதான் முதலில் சிரித்தார். அப்புறம் எல்லாரும்.

மறுபாதியில் அவர்கள் ஊ டினுக்குப் பந்து கொடுப்பதை நிறுத்தவில்லை. பழக்கம் ஒரு நாளில் போகுமா? பந்து வந்தது, வேலி கட்ட மூன்று பேர் ஓடி வந்தார்கள், ஆனால் ஸயா இந்தத் தடவை ரிங்கைப் பார்க்கவே இல்லை, அதே வேகத்தில் மூலைக்குத் தள்ளிவிட்டார். கோ மௌங் போட்டான். சத்தமில்லை. திரும்பவும் அதேதான். மாமா நடுவில் பாய்ந்து இரண்டு போட்டார். சாக்கட்டியால் போர்டில் பாயிண்ட் எழுதின கிளார்க், அழிக்கத் துணி போதாமல், லோங்ஜி நுனியாலேயே அழித்தார். காலேஜ் பையன்கள் பெண்கள் பக்கம் திரும்புவதை நிறுத்திவிட்டார்கள். அப்போதே எனக்குத் தெரியும், அவர்கள் பயந்துவிட்டார்கள் என்று.

கடைசி நிமிஷம். ஒரு பாயிண்ட்தான் பின்னால். விசில்காரர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு விசிலை வாயில் வைத்துவிட்டார். பந்து ஊ டின் கைக்கு வந்தது, அவர் மூலைக்குத் தள்ளினார், காலேஜ் முழுக்க கோ மௌங் மேல் பாய்ந்தது. அவனுக்குப் போட நேரம் இருந்தது. சத்தியமாகச் சொல்லுகிறேன், இருந்தது. ஆனால் அந்தப் பையனுக்கு அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்துவிட்டது, இது ஸயாவின் கடைசி ஆட்டம் என்று. கடைசிப் பந்தைத் தான் போட அவனுக்கு ஆனாடே வந்துவிட்டது. பந்தை ஸயாவுக்கே திருப்பி எறிந்துவிட்டான்!

காலேஜ் பையன்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். வேலி இல்லை, ஒரு ஆள் இல்லை, ரிங்குக்கு நேர் எதிரில் ஊ டின் தனியாக. அவரோ பந்தை வைத்துக்கொண்டு யாருக்குக் கொடுக்கலாம் என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்கிறார்! அவருக்கும் ஆனாடே. அதற்குள் ரயில் வேறு வந்துவிட்டது, ரிங் நடுங்குகிறது, அவர் பழக்கப்படி பந்தை இடுப்புக்குக் கொண்டுபோகிறார்.

நான் எழுந்துவிட்டேன். சட்டை மடியிலிருந்து விழுந்தது. ரயில் சத்தத்தையும் தாண்டி, தமிழில், என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று நானே அறியேன்:

"போடுடா!"

அவர் போட்டார். முழங்காலை மடித்து, இரண்டு கையாலும் பந்தைக் கீழேயிருந்து ஏந்தி, குழந்தையைத் தூக்கிப் போட்டு விளையாடுவது போல மேலே விட்டார். ரிங் நடுங்கிக்கொண்டே இருந்தது. நடுங்கினால் என்ன? பந்து அதைத் தொடவே இல்லை, நேராக நடுவில் இறங்கியது. விசில் ஊதியது.

அப்புறம் நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்குத் தெரியாது. ஸயாவைத் தோளில் தூக்கினார்கள், அப்பா பச்சைக் கொடியைத் தூக்கி ஆட்டினார், காலேஜ் பையன்கள் அழுதுகொண்டே மொஹிங்கா கிண்ணத்தை நீட்டினார்கள், அழுததால் எனக்கு அவர்களையும் பிடித்துப்போனது. அம்மாதான் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "ஹெட் கிளார்க்கைப் போய் டா போட்டுட்டாளே!" கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊ டின் மாமாவிடம் கேட்டார், தமீ என்ன சொல்லிக் கத்தினாள் என்று. மாமா கண்ணை இமைக்காமல், "தயவுசெய்து போடுங்கள் ஸயா என்று சொன்னாள்" என்றார்.

"இத்தனை மரியாதையும் அத்தனை சின்ன வார்த்தைக்குள்ளேயா? தமிழ் பெரிய மொழிதான்" என்றார் ஊ டின்.

அடுத்த மாதம் அவர் ரிட்டயர் ஆகி ஊருக்குப் போனார். போகிற அன்றைக்கு ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, பிளாட்பாரத்தில் நின்ற என்னைப் பார்த்து, "தமீ, போடுடா!" என்று கையை உயர்த்தினார். பிளாட்பாரத்தில் இருந்த தமிழ் ஆட்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொள்ளவில்லை.

இப்போது அந்த சிமெண்டுத் தரை இல்லை. கார் நிறுத்துகிற இடம் ஆகிவிட்டது. லைன் வீடுகள் இல்லை, ஸ்லீப்பர் கட்டை இல்லை, தண்டவாளக் கம்பம் பழைய இரும்புக்குப் போய்விட்டது. மாமா இல்லை. நான் தம்பி மகன் வீட்டில் இருக்கிறேன், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதற்கும் வருத்தம் இல்லை. இந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் கேட்டால் புரியும், பதில் பர்மிய மொழியில்தான் வரும். கரண்ட் வருகிற நேரத்தில் சார்ஜ் ஏற்றி வைத்த போனில் மூத்தவள் சூ எனக்கு அமெரிக்காக்காரர் ஆட்டம் காட்டுவாள். சம்பள ஆட்டக்காரர்கள் எட்டி நின்று மூன்று பாயிண்ட் மூன்று பாயிண்ட் என்று எறிந்துகொண்டே இருக்கிறார்கள், கேட்டால் அதுதான் கணக்கு என்கிறாள். பந்தோடு நாலு எட்டு நடக்கிறான், பவுல் இல்லையா என்றால், "இப்போ அப்படித்தான் பாட்டி" என்கிறாள். கீழேயிருந்து இரண்டு கையால் போடுகிறவன் ஒருத்தனும் இல்லை, போட்டால் பவுல் பந்து இத்தனை வீணாகாது. அவர்களுடைய காலேஜ் பையன்கள் ஆட்டம்தான் எனக்குப் பிடிக்கும். இன்னும் அழுகிறார்கள்.

போன வாரம் அப்படி ஒரு காலேஜ் ஆட்டம். கடைசி நொடி, ஒரு பாயிண்ட் பின்னால், ஒரு நெட்டைப் பையன் ரிங்குக்கு எதிரில் தனியாக நின்றுகொண்டு, பந்தை யாருக்குக் கொடுக்கலாம் என்று சுற்றிப் பார்க்கிறான். நான் வாயைத் திறப்பதற்குள், தமிழில் ஒரு வாக்கியம் ஒழுங்காகப் பேசத் தெரியாத அந்த மூன்று பிள்ளைகளும், சமையற்கட்டிலிருந்து அவர்கள் அம்மாவும் சேர்ந்து கத்தினார்கள்:

"போடுடா!"

அவன் போட்டான். 'டணங்' இல்லை.