வெள்ளித் துண்டில் ஒட்டிய குங்குமம்

ஒரகடத்தில் சுவிட்ச் பாகங்கள் செய்யும் கம்பெனியின் லேபில் இருந்த முப்பிடாதிக்கு ஒரே ஒரு ஆசைதான். ராமன் மெஷின் முன்னால் உட்கார வேண்டும். வெள்ளி முலாம் பூசிய துண்டின் மேல் லேசரை விழவிட்டால், அதில் ஒட்டியிருக்கும் அழுக்கு இன்னதென்று கம்ப்யூட்டரில் கோடுகளாக எழும். வெள்ளி சொரசொரப்பாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாத அழுக்கையும் பெரிதாகக் காட்டிவிடும். 2005இல் மெஷின் வந்தபோது மேனேஜர் நரசிம்மன் சீனியரான முப்பிடாதியை விட்டுவிட்டு, குன்றத்தூரிலிருந்து புதிதாகச் சேர்ந்த சத்யப்பிரியாவை டிரெய்னிங்குக்கு அனுப்பினார். முப்பிடாதிக்குக் கிடைத்தது தட்டில் துண்டுகளை அடுக்கும் வேலை.

வயிறு எரிந்தது. சத்யப்பிரியா நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டாலே எரிந்தது. அவள் நல்லவளாக வேறு இருந்து தொலைத்தாள்; டிபன் பாக்ஸில் பாதியை நீட்டுவாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆயுத பூஜையன்று மெஷினுக்குப் பொட்டு வைப்பதை முப்பிடாதி யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அன்றைக்காவது அது அவளுடையது. வைத்த கையோடு, லைனிலிருந்து வந்த துண்டுகளையும் எடுத்து அடுக்கினாள்.

முலாமின் மேல் பூசும் வார்னிஷ் சில நாட்களாகவே உரிந்துகொண்டிருந்தது. லீவு முடிந்து, அதற்குக் காரணமான அழுக்கைத் தேடி சத்யப்பிரியா அந்தத் துண்டுகளைச் சோதித்தபோது சிவப்புச் சாயத்தின் கோடுகள் நெட்டுக்குத்தாக நின்றன. குங்குமம் என்றாள். லைனில் நெற்றி நிறையக் குங்குமம் வைப்பவன் கொம்பையா. வியர்வையைக் கிளவுஸாலேயே துடைப்பவன். கான்ட்ராக்ட் ஆள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் நரசிம்மன்.

முப்பிடாதிக்குச் சட்டென்று விளங்கியது. கொம்பையாவைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை. சத்யப்பிரியாவின் முதல் கண்டுபிடிப்பே தப்பு, அதை மேனேஜர் முன்னால் போட்டு உடைக்கலாம் என்றுதான் நினைத்தாள்.

“அது என் வெரல்ல இருந்த குங்குமம் சார். பொட்டு வச்ச கையோட நாந்தான் எடுத்து வச்சேன்.”

சத்யப்பிரியாவின் முகம் வாடும் என்று காத்திருந்தாள். அவளோ லைனுக்கே போகாத ஒரு துண்டைக் கொண்டுவந்து, முப்பிடாதியையே குங்குமம் தொட்ட விரலால் தொடச் சொன்னாள். அதே கோடுகள்.

“இன்னாம்மா இது, ஒரு வெரல் பட்டதையே புடிச்சிருச்சே” என்று நரசிம்மன் அசந்துபோனார். “சத்யா, இதையும் ரிப்போர்ட்ல எழுது. எம்.டி. பாக்கணும்.”

“இனிமே தட்டுல சாம்பிள் நானே வெச்சிக்கிறேன்க்கா” என்றாள் சத்யப்பிரியா, கனிவாக.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில், வேலை தப்பிய கொம்பையா பக்கத்தில் வந்து நின்றான். “எனக்காவ ஒங்க பேரையே கெடுத்துக்கிட்டியளேக்கா” என்று கண்ணைத் துடைத்தான்.

முப்பிடாதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாயை மூடிக்கொண்டு இவன் வேலையைப் போகவிட்டிருந்தால், அந்தத் தட்டாவது மிஞ்சியிருக்கும் என்று தோன்றியது. தோன்றியதும் அவளுக்கே பயமாக இருந்தது.