கண்ணாடி மறைத்தது, பிளாஸ்டிக் மறைக்கவில்லை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோலாலம்பூர் பக்கம் சுங்கை வேயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஆபரேட்டராக இருந்தேன். வீடு பிரிக்ஃபீல்ட்ஸில். ஏழு மாதக் கர்ப்பம், முதல் பிள்ளை. அன்று ஃபேக்டரி பஸ்ஸில் வரும்போதே மனசு உறுத்தியது. முந்தின நாள் மத்தியானத்திலிருந்து குழந்தை உதைக்கவில்லை. தூங்குகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். லீவு கேட்டால் சூப்பர்வைசர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள். போயும் போயும் அவள் மூஞ்சிக்குப் பயந்தேன். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அன்றைக்கு சுவிட்ச் போர்டுகளைச் சோதிக்க வெளியிலிருந்து ஒரு டெக்னீஷியன் வந்திருந்தார். அம்பாங்காரர், தமிழர். சூட்டைப் படம்பிடிக்கும் கேமரா ஒன்று கொண்டுவந்திருந்தார். எந்த வயர் கொதிக்கிறதோ அந்த இடம் சின்ன டிவியில் வெள்ளையாகத் தெரியும். டீ நேரத்தில் எங்கள் லைன் பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். நம் உடம்புச் சூட்டை எதுவாவது மறைக்குமா என்று பந்தயம்.

ஒருத்தி ஆபீஸ் கண்ணாடிக்குப் பின்னால் போய் நின்றாள். டிவியில் அவள் இல்லை.

"ஐயோ, ஆளையே காணோம் லா!"

இன்னொருத்தி கறுப்புக் குப்பைப் பைக்குள் கையை விட்டாள். ஐந்து விரலும் பளிச்சென்று தெரிந்தன. தடித்த ஸ்வெட்டர் முதலில் மறைத்தது, கொஞ்ச நேரத்தில் அதுவும் வெளுத்துவிட்டது.

"என்ன மெஷின் அண்ணே இது? கண்ணாடி மறைக்குது, கறுப்பு பிளாஸ்டிக் மறைக்கல!"

"நம்ம கண்ணு வேற, இதோட கண்ணு வேற லா."

கறுப்பு பிளாஸ்டிக்கே மறைக்காதபோது என் தோல் எம்மாத்திரம் என்று நினைத்தேன். மற்றவர்கள் லைனுக்குத் திரும்பியதும் நான் நின்றுகொண்டேன்.

"அண்ணே, என் வயித்தையும் கொஞ்சம் காட்டுங்களேன்."

சிரித்துக்கொண்டே கேமராவைத் திருப்பினார். வயிறு முழுக்க வெள்ளை.

"பாத்தியா தங்கச்சி, நல்லா சூடா இருக்கு. கவலப்படாத."

சும்மா வாய்வார்த்தைக்குச் சொன்னார். எதற்காகக் கேட்டேன் என்று அவரிடம் நான் சொல்லவில்லையே. எனக்கோ வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. சாயங்காலம் வீட்டுக்காரர், "பிள்ள இன்னும் அசையலையா? கிளினிக் போயிட்டு வரலாமா?" என்றார். "மெஷின்லயே பாத்தாச்சு" என்றேன், பெரிய மேதாவி மாதிரி. இன்னும் இரண்டு நாள் வேலைக்குப் போனேன்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கருவியை வயிற்றில் வைத்தார். நகர்த்தினார். மறுபடி நகர்த்தினார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இல்ல டாக்டர், சூடா இருந்துச்சு. நான் பாத்தேன்."

நான் சொன்னதை எல்லாம் கேட்டார். "அந்த மெஷின் மேல் தோலத்தாம்மா காட்டும். அது உங்க சூடு."

துடிப்பு எப்போது நின்றது என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அன்றைக்கே வந்திருந்தால்? அதுவும் சொல்ல முடியாது என்றார்.

அழுகை வரவில்லை. வீட்டுக்காரர்தான் அழுதார். ஆஸ்பத்திரியில் கொடுத்த கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடித்தேன். எனக்கே நான் யாரோ மாதிரி இருந்தது.

மறுநாள் மருந்து கொடுத்துப் பிரசவம் ஆனது. பெண். நர்ஸ் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கையை நீட்டித் திரும்பக் கேட்டாள்.

"இன்னும் சூடு இருக்கு சிஸ்டர்" என்றேன். ஆறும்வரை கொடுக்கவில்லை.