ஒரே மூச்சில் ஒரு வரி

பெரிய விமானம் போன பிறகும் அதன் பின்னால் காற்று சுழன்றுகொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கிவிடும். அதுவரை சிறிய விமானங்களைக் காக்க வைப்பது, விமான நிலையக் கோபுரத்தில் எனக்கிருக்கும் வேலைகளில் ஒன்று. ஆனால் பின்னால் வரும் பைலட், “முன்னால் போவது தெரிகிறது, இடைவெளியை நானே பார்த்துக்கொள்கிறேன்” என்றால், காற்றைப் பற்றி ஒரு வரி எச்சரித்துவிட்டு அவரை விட்டுவிடலாம். விதி அப்படி.

அன்று காலை ஒரு பெரிய விமானத்தின் பின்னால் வந்த ஹெலிகாப்டரின் பைலட் அதைத்தான் சொன்னார். நானும் அந்த வரியைச் சொன்னேன், பஸ் கண்டக்டர் “உள்ள போ, உள்ள போ” என்பாரே, அந்த மாதிரி. சொல்லி முடிக்குமுன் என் கண் அடுத்த விமானத்துக்குப் போய்விட்டது. திரும்பிப் பார்த்தபோது ஹெலிகாப்டர் ஓடுபாதை ஓரத்தில் கவிழ்ந்து கிடந்தது. உள்ளே அவர் ஒருவர்தான். பிழைக்கவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. சாயந்திரம் மயிலாப்பூர் மாட வீதியில் வழக்கம்போல் கீரை வாங்கினேன். “இன்னாம்மா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?” என்றாள் கீரைக்காரி. தலைவலி என்றேன். வீட்டுக்கு வந்து, ஆய்ந்து, மசித்து, நன்றாகவே சாப்பிட்டேன். இப்போது நினைத்தாலும் அந்தச் சாப்பாட்டின் மேல்தான் எனக்கு எரிச்சல் வருகிறது.

விசாரணையில் ஒலிப்பதிவைப் போட்டார்கள். எச்சரிக்கை இருந்தது. “உங்க மேல தப்பே இல்ல மேடம்” என்று அதிகாரி ஃபைலை மூடினார். சந்தோஷமும் வரவில்லை, துக்கமும் வரவில்லை. மரத்துப்போன காலை ஊன்றி நடப்பது போல எழுந்து வந்தேன்.

ஒரு மாதம் கழித்து, கோபாலபுரத்தில் அந்த பைலட்டின் வீட்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. அவர் மனைவி காபி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

“நீங்க சொல்லியும் அவர்தான் அலட்சியமா போனார்னு எல்லாரும் சொல்றாங்க. எங்க மாமனாரே சொல்றார். நீங்க சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

“எப்படிச் சொன்னீங்க? அதே மாதிரி சொல்லிக் காட்டுங்க.”

நிறுத்தி, நிதானமாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பத்து வருஷப் பழக்கம். ஒரே மூச்சில் வந்து விழுந்தது.



“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான்” என்றேன்.